நாசிக்குச் செலுத்தும் நீர்

(நமது மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்க அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சைனஸ் நோயைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். அது கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு கையளவு நீரை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டினோம். அதாவது, மூக்கை உப்பு நீரால் கழுவும் முறையைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்றோம். காரணம் உண்டு. ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளித்திண்ணையில் அமரும்போது வாரந்தோறும் யாரேனும் ஒருவர் எம்மிடம் இதைக் கேட்காமல் போவதில்லை. "காக்கா, மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டால் சைனஸ் போய்விடுமாமே, உண்மையா?" என்கின்றனர். சிலர் கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, அதற்கென விற்கும் பிளாஸ்டிக் குப்பியை வரவழைத்தும் விட்டனர். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால், "வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான்" என்று பதில் வருகிறது. இன்று நாம் இவ்விடத்தில் நிற்பதற்கு அந்தப் பதிலே காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். நாம் மருத்துவர் அல்லர். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அத்துடன் இருபது வயது முதலே மூக்கடைப்பால் துன்புற்ற நோயாளியும் ஆவோம். இவ்விரு தகுதிகளுக்கு மேல் வேறு தகுதி எமக்கில்லை.

எம் நோயின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1990களில் மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நாம் பயன்படுத்தத் தொடங்கினோம். ஒரு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் மூக்குத் திறந்துகொள்ளும். அந்தச் சுகத்திற்கு ஈடில்லை. மருந்துகளின் நடுவிலேயே வேலை பார்த்த நாம், அம்மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்று நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லியே கொடுத்திருக்கிறோம். ஆனால் எம் சட்டைப் பையில் அக்குப்பி இரண்டு ஆண்டுகள் இருந்தது! அம்மருந்து மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்த நாளங்களைச் சுருக்கி வழியைத் திறக்கிறது. அதன் வேகம் தணிந்ததும் அந்நாளங்கள் முன்னிலும் அதிகமாக விரிந்து வீங்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம். இரவில் இரண்டு முறை எழுந்து மருந்து விடாவிட்டால் உறக்கமில்லை என்னும் நிலைக்கு வந்தோம். இறுதியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அக்குப்பியைப் பறித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மூக்கினுள் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும், தினம் இருமுறை உப்பு நீர்க் கழுவலையும் எழுதிக் கொடுத்தார். முதல் பத்து நாட்கள் நரக வேதனை. அதன்பின் படிப்படியாகத் தெளிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று வரை அக்கழுவல் எமக்குக் கைகொடுத்து வருகிறது.

மூக்கு வெறும் காற்றுக் குழாய் என்று எண்ணுகிறோம். அது தவறு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று அதன் வழியே செல்கிறது. அக்காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு நீக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் பணி. அதன் உட்சுவர் முழுவதும் மெல்லிய சளிப்படலம் படர்ந்துள்ளது. அப்படலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிரிழைகள் கோடிக்கணக்கில் இருந்து, நொடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். இரைப்பையின் அமிலம் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

மூக்கைச் சூழ்ந்து கன்னத்திலும், நெற்றியிலும், இரு கண்களுக்கு இடையிலும், அதற்குப் பின்னாலும் எலும்பினுள் நான்கு சோடிக் காற்றறைகள் உள்ளன. அவற்றையே சைனஸ் என்கிறோம். ஒவ்வோர் அறைக்கும் மூக்கினுள் திறக்கும் சிறு வாயில் உண்டு. ஒவ்வாமையாலோ சளிக்காய்ச்சலாலோ சவ்வு வீங்கினால் அவ்வாயில் அடைபடும். உள்ளே சுரக்கும் சளி வெளியேற வழியின்றித் தேங்கும். தலைபாரமும், முகவலியும், குனிந்தால் இடிப்பதும், தொண்டையில் சளி இறங்குவதும் அதன் விளைவுகளே. நம் நாட்டு வைத்தியர்கள் பீனிசம் என்று சொன்னது இதைத்தான். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது கன்னத்தில் ஈயம் உருண்டு வருவதுபோல் இருக்கிறது என்று ஒரு சகோதரர் எம்மிடம் சொன்னார். அதைவிடப் பொருத்தமாக மருத்துவ நூல்களும் விளக்கியதில்லை.

உப்பு நீர்க் கழுவல் செய்வது என்ன? தடித்துக் காய்ந்த சளியை இளக்கி வெளியேற்றுகிறது. தூசு, மகரந்தம் ஆகியவற்றை அலசிவிடுகிறது. நுண்மயிரிழைகள் தம் வேலையைச் செய்ய வழிவிடுகிறது. அவ்வளவே. சைனஸ் அறைக்குள் புகுந்து நோயை வேரோடு பிடுங்கி எறிவதாக விளம்பரங்கள் கூறுவது மிகை. யோகப் பயிற்சியாளர்கள் இதனை ஜல நேத்தி என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். தற்கால மருத்துவமும் இதனைச் சோதித்துப் பார்த்துள்ளது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் அடிக்கடி சைனஸ் தொல்லைக்கு ஆளாகும் 76 பேரைக் கொண்டு ஆறு மாத காலம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. தினமும் உப்பு நீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்தது. ஆண்டிபயாடிக் மருந்துகளின் தேவையும் குறைந்தது. ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பயன் இருக்கக்கூடும், ஆயினும் சான்றுகள் வலுவானவை அல்ல என்று அடக்கத்துடன் கூறியது. எமக்கும் அந்த அடக்கமே பிடித்திருக்கிறது. இது ஒரு நல்ல துணை. முழு மருத்துவம் ஆகாது.

செய்முறைக்கு வருவோம். நம் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவுக்கு ஒத்த நீர் வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது கணக்கு. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பும், எரிச்சல் தணிய ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் போதும். உப்பில்லாத வெறும் நீரை மூக்கில் ஏற்றினால் சுருக்கென்று நெற்றி வரை ஏறுவதை ஆற்றில் குளித்த அனைவரும் அறிவோம். சவ்விலுள்ள செல்கள் அந்நீரை உறிஞ்சி வீங்குவதே அதற்குக் காரணம். உப்பு அளவாக இருந்தால் எரிச்சலே தெரியாது. அயோடின் முதலிய சேர்க்கைகள் கலந்த உப்பு சிலருக்கு எரிச்சல் தரும். அத்தகையோர் மருந்துக் கடையில் கிடைக்கும் அளவிட்ட உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம். கல் உப்பில் மண்ணும் அழுக்கும் இருக்கும், அது வேண்டாம்.

நீர் உடல் வெப்பத்தை ஒத்த இளஞ்சூட்டில் இருக்கட்டும். நீண்ட மூக்குடைய சிறு கெண்டியோ, பிழியும் குப்பியோ போதுமானது. கை கழுவும் தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டு, மேற்புறம் உள்ள நாசியில் மெல்ல ஊற்ற வேண்டும். நீர் மறு நாசியின் வழியே தானே வெளியேறும். உறிஞ்ச வேண்டியதில்லை. ஊற்றும்போது பேசவோ விழுங்கவோ வேண்டாம். பாதியை ஒரு நாசியிலும் மீதியை மறு நாசியிலும் செலுத்தியபின் முன்னோக்கி நன்றாகக் குனிந்து தங்கிய நீரை வடியவிட்டு, இரு நாசிகளையும் திறந்து வைத்தே மெதுவாகச் சிந்த வேண்டும். ஒரு நாசியை அழுத்தி மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதை நோக்கி ஏறும். படுக்கும் நேரத்தில் செய்தால் எஞ்சிய நீர் தொண்டையில் இறங்கி இருமல் வரும். ஒரு மணி நேரம் முன்னதாகச் செய்வது நலம். ஸ்டீராய்டு மருந்து அடிப்போர் கழுவிய பிறகே அதை அடிக்க வேண்டும். முன்னே அடித்தால் மருந்தைக் கழுவி ஊற்றிவிடுவோம்.

காதில் சீழ் அல்லது வலி உள்ளவர்கள், மூக்கு முற்றிலும் அடைத்து நீர் மறுபுறம் வராதவர்கள், அண்மையில் மூக்கிலோ தலையிலோ அறுவை செய்துகொண்டவர்கள், அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. ஒரே பக்கத்தில் மட்டும் நீடிக்கும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் ஆகியவை இருந்தால் கெண்டியைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள்.

இனி, நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறோம்.

வளைகுடாவில் பணியாற்றும் எம் மச்சான் ஒரு கோடைக்காலத்தில் தொலைபேசியில் பேசினார். மணற்காற்றும் குளிர்சாதனமும் மாறி மாறி அவர் மூக்கைக் கெடுத்திருந்தன. "நீங்கள் சொன்னபடியே உப்புத் தண்ணீர் விடுகிறேன் மச்சான், நல்ல சுகம். குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, சூடாக்கும் வேலைகூட இல்லை" என்றார். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பின் அளவைச் சொன்னோம், தலையைச் சாய்க்கும் விதத்தைச் சொன்னோம். எந்த நீர் என்பதைச் சொல்லத் தவறியிருந்தோம். மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த நீரை அவர் நாள்தோறும் இருமுறை மூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை, இறைவனுக்கே புகழ். அக்குறை எம்முடையது. அன்று முதல் யாரிடமும் நீரைப் பற்றிப் பேசாமல் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபா வாழக்கூடும். 1965இல் ஆஸ்திரேலியாவில் ஃபௌலர், கார்ட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் இது மனிதருக்கு உண்டாக்கும் நோயை முதன்முதலாக விவரித்தனர். 46 பாகை வெப்பத்தையும் அது தாங்கும். இந்நீரைக் குடித்தால் இந்நோய் வராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கடல் நீரில் அது வாழ்வதில்லை. ஆனால் மூக்கின் மேற்பகுதியை எட்டிவிட்டால், மணத்தை உணரும் நரம்பைப் பற்றி, சல்லடை போன்ற மெல்லிய எலும்பைக் கடந்து மூளைக்குள் சென்றுவிடுகிறது. பெரும்பாலும் ஐந்து நாட்களுக்குள், அதிகம் போனால் பன்னிரண்டு நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு எனத் தொடங்கி, அடுத்த சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேர் இதற்கு ஆளாயினர். பிழைத்தவர் நால்வர் மட்டுமே. அறுபது ஆண்டுகளில் 164 பேர் என்பதிலிருந்தே இது எவ்வளவு அரிதான நோய் என்பதும் விளங்கும். எனவே யாரும் பீதியடைய வேண்டாம்.

ஆயினும் அவர்களுள் சிலருக்கு நேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். 2011இல் லூசியானா மாநிலத்தில் 28 வயது இளைஞர் ஒருவரும் 51 வயதுப் பெண்மணி ஒருவரும் இறந்தனர். இருவரும் குளத்தில் நீந்தியவர்கள் அல்லர். வீட்டுக் குழாய் நீரில் உப்பிட்டு, கெண்டியால் மூக்கைக் கழுவியவர்கள். உப்பிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறோம். நாம் கலக்கும் உப்பின் அளவு அந்த அமீபாவைக் கொல்லப் போதாது.

அடுத்த செய்தி நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. 2008, 2009 ஆண்டுகளில் கராச்சி நகரில் 13 பேர் இந்நோய்க்கு ஆளானதை ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் வெளியிட்டனர். அவர்களுக்கு நீச்சல் பழக்கமோ நீர் விளையாட்டோ இருக்கவில்லை. உளூச் செய்யும்போது நாசிக்குச் செலுத்திய குழாய் நீரே வழியாயிருக்கலாம் என்று அம்மருத்துவர்கள் கருதினர். வெப்பநிலை உயர்வு, குடிநீரில் குளோரின் குறைவு, பழுதடைந்த குழாய்கள் ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டினர். அந்நகரில் பிந்திய ஆண்டுகளிலும் இவ்வாறு உயிர்கள் போயின. 2012இல் அமெரிக்காவுக்குட்பட்ட வர்ஜின் தீவுகளில் செயின்ட் தாமஸ் என்னுமிடத்தில் வாழ்ந்த 47 வயது முஸ்லிம் சகோதரர் ஒருவரும் இறந்தார். மழைநீர்த் தொட்டியும் கிணறுமே அவர் வீட்டின் நீராதாரம். குளோரின் இடப்படாத நீர். நாள்தோறும் பலமுறை அவர் உளூச் செய்ததைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2024இல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் குழந்தைகள் இவ்வகை மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், நோய் விரைவில் கண்டறியப்பட்டதால் பிழைத்தெழுந்தான். 2025இல் அம்மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், பலர் இறந்தனர். அவர்கள் அனைவருக்கும் காரணம் ஒரே அமீபா அன்று, வேறு வகைகளும் உண்டு. கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இடுமாறு அம்மாநில அரசு அவ்வாண்டில் இயக்கமே நடத்தியது. நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் வெயிலில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே கெண்டியிலோ குப்பியிலோ ஊற்றும் நீர் கொதித்து ஆறிய நீராகவே இருக்க வேண்டும். தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது ஒரு நிமிடம். மனநிறைவுக்கு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே ஆறவிட்டு, அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நுண்ணுயிர் நீக்கிய நார்மல் சலைனும் ஆகும். திறந்த குப்பியை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள். கேன் தண்ணீர் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆர்.ஓ. இயந்திரத்து நீரும் கேன் நீரும் குடிப்பதற்கு உரியவை. நுண்ணுயிர் அற்றவை என்று எவரும் உறுதி கூற முடியாது. அவற்றையும் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். கெண்டியை ஒவ்வொரு முறையும் கழுவி, கொதித்த நீரால் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். கணவனும் மனைவியும்கூட ஒரே குப்பியைப் பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் உளூவின் நிலை என்ன என்னும் கேள்வி உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். எமக்கும் எழுந்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லுதல் எம் பணியன்று. ஆகவே ஹழ்ரத் அவர்களிடம் சென்று கேட்டோம். அவர்கள் விளக்கியதன் சுருக்கம் இதுவாகும்: உளூவில் நாசிக்கு நீர் செலுத்துதல் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் சுன்னத், கடமையான குளிப்பில் ஹனஃபி மத்ஹபின்படி அது ஃபர்ளு. ஆழமாக உறிஞ்சுவது நோன்பில்லாதவருக்குச் சிறப்பாகச் சொல்லப்பட்டிருப்பினும், நோன்பாளி அவ்வாறு செய்ய வேண்டாம் என்று நபிவழியிலேயே விலக்கு வந்துள்ளது. ஆழமாக உறிஞ்சாமலேயே உளூ நிறைவேறும் என்பதற்கு அதுவே சான்று. நீரின் தூய்மையில் ஐயமுள்ள இடத்தில் ரமளானில் செய்வது போல மென்மையாகச் செலுத்திச் சிந்திக்கொள்வதில் குற்றமில்லை என்றார்கள்.

இதைக் கேட்டபோது எம் மனம் இலேசாயிற்று. உளூவும் உப்பு நீர்க் கழுவலும் வெவ்வேறு என்பதை மறந்துவிடலாகாது. உளூவில் ஒரு கையளவு நீரில் சிறிது மூக்கின் முகப்பைத் தொட்டுத் திரும்புகிறது. கழுவலிலோ கால் லிட்டர் நீர் மூக்கின் உட்புறம் முழுவதையும் நனைத்துச் செல்கிறது. சைனஸுக்கு நல்லது என்றெண்ணி, உளூச் செய்யும்போதே நீரை நெற்றி வரை ஏறும்படி உறிஞ்சும் வழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. அதனால் சைனஸுக்குப் பயனில்லை. வெறும் நீர் சவ்வை உறுத்தவே செய்யும்.

நம் பள்ளியின் ஹவுளைப் பற்றியும் பேசியாக வேண்டும். இது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். 20 அடி நீளமும் 12 அடி அகலமும் 4 அடி ஆழமும் உள்ள அத்தொட்டி நம் பாட்டனார்கள் கட்டியது. பாதி நாள் வெயில் அதன் மீது விழுகிறது. ஏறத்தாழ 27,000 லிட்டர் நீர் பிடிக்கும். முன்பு குளோரின் இட்டு வந்தோம். மருந்து வாடை அடிக்கிறது, மீன்கள் சாகின்றன என்று சிலர் குறைகூற, அது நின்று போயிற்று. மீன்களை விடச் சொன்னவர்கள் நல்லெண்ணத்துடனேயே விட்டார்கள். பிள்ளைகள் அவற்றைப் பார்க்கவே அஸருக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. ஆயினும் பிள்ளைகள் அங்கே கைகால் கழுவுவதோடு நிற்பதில்லை, முகத்தையே நீருக்குள் முக்கி விளையாடுகின்றனர். அதை எண்ணிப் பாருங்கள்.

நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. நம் ஹவுளுக்கு 70 கிராம் அளவில் வரும். அழுக்கும் பாசியும் இருந்தால் அவையே குளோரினைத் தின்றுவிடும். ஆதலால் முதலில் நீரை இறைத்து, சுவரின் வழுக்கலைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். இரவில் இஷாவுக்குப் பின் இட்டால் ஃபஜ்ருக்குள் வேலை முடிந்துவிடும். திறந்த தொட்டியில் வெயில் பட்டுக் குளோரின் விரைவில் குறையுமாதலால், குளோரோஸ்கோப் என்னும் சிறு சோதனைப் பெட்டியால் எஞ்சிய அளவை நாள்தோறும் பார்த்துக்கொள்வது அவசியம். அதை இயக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். மொட்டை மாடியிலுள்ள தொட்டிகளுக்கும் மூடியும் நிழலும் வேண்டும். குளோரின் வாடை உள்ள நீரில் உளூக் கூடுமா என்று ஐயுறுவோருக்கும் ஹழ்ரத் விடை தந்தார்கள்: அச்சிறு வாடையால் தண்ணீர் என்னும் பெயர் அதை விட்டு நீங்குவதில்லை, ஆகவே தடையில்லை.

வீடுகளிலும் இதே நிலைதான். மாடித் தொட்டியை நாம் கடைசியாக எப்போது கழுவினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தால் பலருக்கும் வெட்கமாக இருக்கும். எமக்கும் இருந்தது.

தாய்மார்கள் பகுதியிலிருந்து ஒரு கேள்வி எழுதி அனுப்பப்பட்டுள்ளது. நான்கு வயதுப் பேரனுக்குச் சளி பிடித்திருக்கிறது, கெண்டியால் ஊற்றலாமா என்று கேட்டுள்ளார்கள். வேண்டாம், லாத்தா. அவ்வயதுப் பிள்ளை அழும்போது நீர் மூச்சுக்குழலுக்குள் போகலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தை நாசிக்கு இரண்டு சொட்டு விட்டு, இளகிய சளியைத் துணியால் துடைத்தெடுத்தால் போதும். மூச்சிரைப்போ காய்ச்சலோ இருந்தால் பிள்ளைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். யாருக்கேனும் மூக்கில் நீர் ஏறிய சில நாட்களுக்குள் கடும் தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் ஒருங்கே வந்தால், குளித்தது, மூழ்கியது, மூக்குக் கழுவியது அனைத்தையும் மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மீன்களைத் தம் வீட்டுத் தொட்டியில் வளர்க்க ஒரு சகோதரர் சற்று முன்னர் முன்வந்துள்ளார். ஹவுளைத் தேய்த்துக் கழுவ வரும் வியாழன் இரவு இஷாவுக்குப் பின் இளைஞர்கள் பத்துப் பேர் தேவை. பெயர் கொடுப்போர் செயலாளரிடம் கொடுக்கலாம். வாளியும் தேய்ப்பானும் பள்ளியில் இருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், இருப்பில் உள்ளது மூடி திறந்தே கிடந்து வீரியம் இழந்துவிட்டது. வஸ்ஸலாம்.